சட்டி காவிய படை

அத்தான் எங்கே போனாலும் ஒரு சட்டியோடுதான் போவார்.

நீளக் கைபிடி வைத்த அலுமினியச் சட்டி. கைபிடியின் முனையில் ஒரு துளை. துளைக்குள் கயிற்றைக் கோத்து, ஒரு துடைப்பத் தடியின் நுனியில் கட்டி, தடியை இடது தோளில் சாய்த்துக்கொள்வார். சட்டிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குப் பக்கத்தில், வெங்காயம் அடைத்து விற்கிற சிவப்பு வலைப்பை ஒன்று. அதற்குள் ஒரு போத்தல் தண்ணீர். இந்தக் கோலத்தில் வேலைக்குப் போவார், கோவிலுக்குப் போவார், செத்தவீட்டுக்கும் போவார். ரொறன்ரோவில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்ப்பதில்லை என்று சொல்வார்கள். அத்தானோடு ஒருதரம் பஸ்ஸில் போனவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஒருமுறை அவரைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போனேன். கதிரையில் மல்லாந்து படுத்து வாயை ஆவென்று திறந்தபோதும் தடியைக் கைவிடவில்லை. வைத்தியர் பயந்துபோய், நோகாது நோகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையில் ஆறுதல் தேவைப்பட்டது வைத்தியருக்குத்தான்.

இதில் பெரிய விசித்திரம் என்னவென்றால், அந்தச் சட்டியில் அவர் ஒருநாளும் சமைத்ததில்லை. துணிப்பைக்குள் என்ன இருக்கிறது என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

"அரிசி, தங்கச்சி" என்றார்.

அரிசி இருக்கிறது, சட்டி இருக்கிறது, தண்ணீர்கூட இருக்கிறது. ஆனால் பசித்தால் டோனட் கடையில் ஒரு பணிஸ் வாங்கித் தின்பார். அரிசியில் வண்டு பிடித்தால் கொட்டிவிட்டுப் புதிது வாங்கி நிரப்புவார். ஒருநாள் அவர் இருந்த வீட்டுக்குப் போன நான், நூடில்ஸ் அவிக்கலாம் என்று அந்தச் சட்டியை எடுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். குளித்துக்கொண்டிருந்த மனிதர் இடுப்பில் துவாயோடு ஓடிவந்து பறித்தார். "தண்ணி பட்டதோ? பட்டதோ?" என்று கேட்டபடி சட்டியை அந்தத் துவாயாலேயே துடைத்தார். துவாய்க்கு அப்போது வேறு முக்கியமான வேலை இருந்தது என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

அவர் என் அக்காவைக் கட்டியவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் எல்லோரும் அஜின்கோர்ட்டில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். ஆனால் ஒரே வீட்டில் அல்ல. அக்கா, நான், என் மனைவி மூவரும் மேலே ஒன்பதாம் மாடியில். அத்தான் கீழே மூன்றாம் மாடியில், ஃபாக்டரி வேலைக்குப் போகிற பெடியன்களோடு அறையைப் பங்குபோட்டுக்கொண்டு. புருசனும் பெண்சாதியும் இப்படி லிஃப்ற் ஏறுகிற தூரத்தில் பிரிந்திருந்ததற்குக் காரணம் ரோமாபுரியில் உள்ள ஒரு தூண்.

இரண்டு பேரையும் ஊரிலிருந்து கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ரோமில் இறக்கிவிட்டு, "உந்தப் பெரிய தூணடியில நில்லுங்கோ. ஆள் வரும். ஒரு இடமும் அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஊர் பார்க்க வந்தவர்கள்போல நிற்கவேண்டும் என்பது கட்டளை. அக்காவின் கழுத்தில் ஒரு கமரா. உள்ளே ஃபிலிம் இல்லை. காலையில் வந்து தூணை அண்ணாந்து பார்ப்பார்கள், பின்னேரம் திரும்பிப் போவார்கள். நாள்கணக்கு கிழமைக்கணக்காகி, கிழமைக்கணக்கு மாதக்கணக்காகியது. அந்தத் தூணை அவ்வளவு காலம் பார்த்துக்கொண்டு நின்ற வேறு மனிதர்கள் உலகத்தில் இருப்பார்களோ தெரியாது.

ஒரு மத்தியானம் அத்தான், "இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு எங்கேயோ போனார். அந்த நேரம் பார்த்துத்தான் ஆள் வந்தது. கையில் இரண்டு பாஸ்போட், ஒரு புருசனுக்கும் ஒரு பெண்சாதிக்கும். கார் நிற்கிறது, உடனே ஏறவேண்டும், இல்லாவிட்டால் இனி இல்லை. அக்கா அழுதாள், கெஞ்சினாள். வந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தூணுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தமிழர் தன் ஆளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பாஸ்போட் படத்தில் இருந்தவருக்கு மீசை. இவருக்கும் மீசை. போதும். அவரை அக்காவுக்குப் புருசனாக்கிக் காரில் ஏற்றினான். உங்கள் மனிசனை அடுத்ததில் அனுப்புகிறேன் என்றான். அப்படி என் அக்கா முன்பின் தெரியாத ஒருவரின் பெண்சாதியாக ரொறன்ரோவில் வந்து இறங்கினாள். விமானத்தில் அந்த மனிதர் விட்ட குறட்டையைப் பற்றி அவள் இன்றைக்கும் சொல்வாள். ஆனால் முடிவில் ஒரு வசனம் சேர்ப்பாள்.

"குறட்டை விட்டாலும் அந்தாள் நிண்ட இடத்தில நிண்டது. என்ரை மனிசன் சாப்பிடப் போயிட்டுது."

அடுத்தது என்று ஏஜென்சிக்காரன் சொன்னது வரவே இல்லை. அத்தான் ரோமில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, வேலையில்லாத நேரமெல்லாம் அந்தத் தூணடியில் போய் நின்று, வேறொருவன் மூலமாக இங்கே வந்துசேரக் கனகாலம் எடுத்தது. அக்காவையும் கூட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். கதவு திறந்தது. தடி, சட்டி, பை, வலை என்று பூரண அலங்காரத்தில் அத்தான் வெளியே வந்தார். அக்காவைக் கண்டதும் அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பாகியது.

"நான் அண்டைக்குச் சட்டி..." என்று தொடங்கினார்.

"சட்டியும் மண்ணாங்கட்டியும்" என்றாள் அக்கா. திரும்பி நடந்தாள். அதோடு அவள் அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அக்கா பொல்லாதவள் அல்ல. வாசற்படி மிதித்த எவரையும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "சாப்பிட்டியளோ?" என்பதுதான். கேபிள் பூட்ட வந்த வெள்ளைக்காரனைத் தமிழிலேயே கேட்டிருக்கிறாள். அவன் விளங்காமல் தலையாட்டிப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தின்றுவிட்டுப் போனான். பைபிளோடு கதவு தட்டியவர்கள், நெருப்பு அலாரம் சோதிக்க வந்தவர்கள், ஒருவரையும் அவள் விட்டதில்லை. அத்தானை மட்டும் கேட்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் மேலே வருவார். வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருக்கும், அதில் இருப்பார். தடி சுவரில் சாய்ந்திருக்கும். குசினியிலிருந்து ஆட்டிறைச்சிக் கறி மணம் வரும். என் மனைவி மனம் கேளாமல் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வருவாள். அத்தான் தட்டைத் தொடமாட்டார்.

"அவ கேக்கட்டும், தங்கச்சி. சாப்பிடுறன்."

அக்கா கேட்கமாட்டாள். "தம்பி, வந்த ஆளுக்குக் குளிருதாம் எண்டால் கதவைச் சாத்தச் சொல்லு" என்று என் மூலமாகச் சொல்வாள். சொல்கிற ஆளும் கேட்கிற ஆளும் ஒரே அறையில் இருப்பார்கள், நான் நடுவில் நின்று தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்ப்பேன். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், பிடித்து உலுக்கவேண்டும்போலவும் இருக்கும். அந்தச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிழைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகுமே என்று நினைப்பேன். அவரை அக்கா மறுபடி சேர்த்துக்கொள்வாளா மாட்டாளா என்பதுதான் அந்த வருசங்களில் எங்கள் வீட்டின் ஒரே கவலை.

அத்தானோ அந்தக் கவலையைவிட்டுத் தூணைப் பற்றிப் பேசினார்.

தூணைச் சுற்றி அடியிலிருந்து நுனிவரை செதுக்கிய படைச் சிற்பங்களை எல்லாம் வரிசையாக அச்சடித்த ஒரு மடிப்புப் புத்தகம் அவரிடம் இருந்தது. விரித்தால் விரிந்துகொண்டே போகும். வீட்டுக்குள் இடம் காணாமல் கட்டடத்தின் நடையில் விரிப்பார். லிஃப்ற் வாசலில் தொடங்கும் படை, எல்லா வீட்டுக் கதவுகளையும் கடந்து குப்பை போடுகிற துவாரம்வரை போகும். மளிகைச் சாமானோடு வருகிற சனம் சுவரோடு ஒட்டி ஒட்டிக் கடந்து போவார்கள்.

"இந்தா பார், தம்பி. வெண்ட ராசா கட்டின தூண். முழுக்கச் சண்டையா இருக்கும் எண்டுதானே நினைப்பாய்? சண்டை எங்கை? தேடிப் பிடிக்கோணும். இவன் மரம் தறிக்கிறான். இவன் கூடையில மண் காவுறான். இரும்பு உடுப்போடயே கிண்டுறாங்கள், பெண்சாதிமார் கண்டால் ஏசுவினம். இவங்கள் கோதுமை வெட்டுறாங்கள். இவனுக்குத் தொடையில காயம், மற்றவன் கட்டுப் போடுறான். இந்தா, இவனைப் பார், கோவேறு கழுதையால விழுறான். ராசாவுக்கு முன்னாலயே விழுறான்!"

விழுகிறவன் கையில் அரிதட்டுப்போல வட்டமாக ஒரு சாமான் இருந்தது. அது என்ன என்று படித்தவர்கள் பல மாதிரிச் சொல்கிறார்களாம். அத்தானுக்கு அது அரிதட்டுத்தான். மா அரிக்கப் போன மனிதன் வழுக்கி விழுந்தான், அவ்வளவுதான் கதை.

ஆனால் அவர் விரல் கடைசியில் வந்து நிற்பது எப்போதும் ஓர் இடத்தில்தான். தூணின் அடிப்பகுதி. ஓடங்களைச் சேர்த்துக் கட்டிய பாலத்தில் படை ஆற்றைக் கடக்கிறது. ஒவ்வொருவன் தோளிலும் ஒரு தடி. தடியில் பை, வலை, நீளக் கைபிடிச் சட்டி.

"எல்லாரிட்டையும் இருக்கு" என்பார். பிறகு புத்தகத்தை மடிக்கத் தொடங்குவார்.

எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பரின்ரெண்டன் ஓர் இத்தாலிக் கிழவர். நடையை அடைத்துப் படம் விரிக்கிறார்கள் என்று யாரோ முறைப்பாடு சொல்ல, சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் படத்தைக் கண்டதும் நின்றார். அவர் பிறந்து வளர்ந்தது ரோமிலாம். அந்தத் தூணைத் தாண்டித்தான் சின்ன வயதில் தினமும் வேலைக்குப் போனாராம். ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லையாம். அத்தான் அவருக்கு இடம் விட்டார். இரண்டு பேரும் முழங்காலில் நடந்து குப்பைத் துவாரம்வரை போனார்கள். அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் படம் விரிக்கத் தடையில்லை, சைக்கிள் வைக்கத்தான் தடை.

அத்தானைச் சபைகளுக்குக் கூப்பிட ஆட்கள் பயப்பட்டார்கள். கலியாண வீடியோ போட்டால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கமாட்டார். "அந்தக் கரையில கதிரை தூக்கிற பெடியன் ஆர்?" என்பார். பின்னேரங்களில் ஊர்ச் சண்டை பற்றிப் பெரிய பேச்சு நடக்கும். எந்த முகாம், எந்தப் பக்கத்தால் போனார்கள், எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று சோபாவில் இருந்தபடி ஆளாளுக்குப் படை நடத்துவார்கள். சூடு உச்சத்துக்கு ஏறுகிறபோது மூலையிலிருந்து அத்தான் கேட்பார்.

"அவங்களுக்குச் சோறு ஆர் கொண்டுபோனது?"

யாருக்கும் தெரியாது. சோற்றைப் பற்றி ரேடியோவில் சொல்லவில்லை. ஒருமுறை ஒருவர் கோபப்பட்டு, இவ்வளவு பெரிய விசயம் கதைக்கிற இடத்தில் சாப்பாட்டுக் கதை என்ன கதை என்று கத்தினார். "பெடியளுக்குப் பசிக்காதோ?" என்றார் அத்தான். கத்தியவருடைய தம்பி ஊரில் அந்தச் சண்டையில்தான் இருந்தான். அவர் தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போனார்.

பழைய மாணவர் சங்கத்துக் கோடைகால ஒன்றுகூடலை இன்றைக்கும் ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஏரிக்கரைப் பூங்கா. நூற்றுக்கணக்கான சனம். அத்தானிடம் தெரியாத்தனமாக இறைச்சி வாட்டுகிற இடத்தின் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். தூணில் உள்ள படை ஓரிடத்தில் தங்கினால் முதல் வேலை அகழி கிண்டுவது, பிறகுதான் அடுப்பு. அத்தான் விடியவே பெடியன்களைக் கூட்டிப்போய், அடுப்பைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு அகழி கிண்டிவிட்டார். கிண்டிய மண்ணை உள்பக்கம் வரம்பாகப் போட்டு, அதன்மேல் தடிகளும் நட்டாயிற்று. நாலு பக்கமும் நாலு வாசல். சங்கத் தலைவர் வேட்டி சால்வையோடு கையில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி வரவேற்புரை சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்தவர், வாசல் இல்லாத இடத்தில் அகழிக்குள் விழுந்தார். ஒலிவாங்கி அணையவில்லை. அவர் விழுந்ததும், விழுந்தபின் சொன்னதும் பூங்கா முழுக்கக் கேட்டது.

எல்லோரும் ஓடிப்போய்த் தலைவரைத் தூக்கினார்கள். அத்தான் மட்டும் கையைத் தட்டிக்கொண்டு நின்றார். "அப்பிடியே அந்தக் கழுதைக்காரன்! அப்பிடியே!" என்றார். பூங்காக் காவலர்கள் வந்து, மண்ணைத் திரும்ப நிரப்பாமல் ஒருவரும் வீட்டுக்குப் போகமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாலைவரை சங்கத்தின் நிர்வாகசபை மண் வெட்டியது. அக்கா தூரத்தில் ஒரு மரத்தடியில் இருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாளாக்கும் என்று கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டு, "உவரை ஆர் கூப்பிட்டது?" என்றாள். எனக்கு அன்றைக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

அதற்குச் சில வருசங்கள் கழித்து நானும் அக்காவும் சேர்ந்து ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினோம். வயல்களை உழுது போட்டமாதிரி மண்ணாகக் கிடந்த இடத்தில் வரிசையாகப் புது வீடுகள். எங்கள் தெருவில் நாங்கள்தான் முதல் குடி. நாலு அறை. அதில் ஓர் அறைக்கு மட்டும் அக்கா திரைச்சீலை தைக்கவில்லை, கட்டில் வாங்கவில்லை. அது ஆருக்கு என்று என் மனைவி கேட்டதற்கு, "கிடக்கட்டும்" என்றாள்.

குடிபுகுகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்தரைக்கு முதல் பால் பொங்கவேண்டும் என்று ஐயர் நேரம் குறித்துத் தந்தார். அக்கா இந்த விசயத்தில் துளியும் விட்டுக்கொடுக்கமாட்டாள். ரோமில் அன்றைக்கு நேரம் பிழைத்ததால்தான் தன் வாழ்க்கை இப்படியாகியது என்பது அவள் எண்ணம். இந்த வீட்டிலாவது எல்லாம் நேரத்துக்கு நடக்கவேண்டும். கண் கலங்கிக்கொண்டுதான் அதைச் சொன்னாள். அத்தானுக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னாள். என் மனைவி அன்றிரவே ரகசியமாக மூன்றாம் மாடிக்குப் போய், நாள், நேரம், முகவரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் காரில் இடம் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் பஸ் அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்காது.

கட்டடத்து லிஃப்ற்றைக் காலையில் எங்களுக்கென்று ஒதுக்கி எடுத்து, சாமான்களை ட்ரக்கில் ஏற்றினோம். பால் காய்ச்சப் புதுப் பானை ஒன்று வாங்கியிருந்தோம். எல்லாவற்றிலும் முக்கியமான சாமான் என்று அக்கா அதை முதலில் ஏற்றச் சொன்னாள். முதலில் ஏற்றினோம். அதற்குப் பிறகு அலுமாரி, கட்டில்கள், சாப்பாட்டு மேசை, உடுப்புத் தோய்க்கிற மெசின், கடைசியாக அந்தப் பெரிய சோபா. முதலில் ஏற்றியது கடைசியில்தான் இறங்கும் என்பது படித்த எங்களில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

ஸ்ரௌவ்வில்லுக்கு வந்து சேர்ந்தோம். அக்கா சாமிப் படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், பால் என்று மடியிலேயே வைத்துக் கொண்டுவந்ததை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அடுப்பு முதல்நாளே பூட்டியிருந்தது. "பானையை எடுத்துக்கொண்டு வா" என்றாள். நான் ட்ரக்கின் பின்கதவைத் திறந்தேன். சோபா வழியில் சரிந்து, வாசலில் குறுக்காக இறுகிப்போய் நின்றது. இழுத்தோம். தள்ளினோம். உதவிக்கு வந்த சிநேகிதன் ஒருவன் சோபாவுக்கு மேலால் ஊர்ந்து உள்ளே போகப் பார்த்து, அலுமாரிக்கும் கூரைக்கும் நடுவில் இறுகினான். இப்போது பானையோடு அவனையும் எடுக்கவேண்டியிருந்தது.

கடை தூரம். அயலில் ஒரு சனமில்லை. பால் பெட்டியோடு நுண்ணலை அடுப்பில் வைத்தால் என்ன என்று என் மனைவி மெல்லக் கேட்டாள். அக்கா பார்த்த பார்வையில் அவள் சாமியறைப் பக்கம் போய்விட்டாள். மணி பத்தைத் தாண்டியது. அக்கா வெறும் அடுப்புக்கு முன்னால் பால் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். "எனக்கு எப்பவும் இப்பிடித்தான்" என்றாள்.

அப்போதுதான் யன்னலால் கண்டேன். மண் தெருவின் முனையில் ஒரு தடி ஆடி ஆடி வந்தது. தடி நுனியில் வெயிலுக்கு ஒரு சட்டி மின்னியது. அத்தான் விடியவே வெளிக்கிட்டு, பஸ் போகிற கடைசி இடம்வரை பஸ்ஸில் வந்து, மிச்சத்தைப் பெருந்தெருக் கரையால் நடந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், அவருடைய நடை வேகத்திலேயே, மேல்விளக்குச் சுழல ஒரு பொலிஸ் கார் வந்துகொண்டிருந்தது. தடியோடு ஒரு மனிதன் தெருவில் போகிறான் என்று யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். வந்து விசாரித்த பொலிஸ்காரனுக்கு அத்தானின் இங்கிலீஷில் பால், நேரம், தூண் என்ற மூன்றும் விளங்கியிருக்கின்றன. ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்றானாம். தடி காருக்குள் போகவில்லை. தடியை விட்டுவிட்டு ஏற அத்தான் சம்மதிக்கவில்லை. அதனால் பின்னால் காவலாக வந்திருக்கிறான்.

அத்தான் உள்ளே வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கயிற்றை அவிழ்த்துச் சட்டியை அக்கா பக்கம் நீட்டினார். பொலிஸ்காரனும் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றான்.

அக்கா சட்டியைப் பார்த்தாள். என்னிடம் சொன்னாள், "உதில இவ்வளவு நாளும் என்னென்ன அவிச்சவர் எண்டு கேள். பால் காய்ச்சிறது புதுச் சட்டியில."

நான் கேட்கமுதல் அத்தான் சொன்னார். "ஒண்டும் அவிக்கேல்லை. வாங்கினதுக்குப் பிறகு அடுப்பிலை வைக்கேல்லை."

அது உண்மை என்று நானும் சொன்னேன். நூடில்ஸ் கதையையும் சொன்னேன்.

"எப்ப வாங்கினது எண்டு கேள்" என்றாள் அக்கா.

"அண்டைக்கு" என்றார் அத்தான். இந்த முறை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "நீர் அவங்கடை பாணும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், ஒரு பிடி சோறு இருந்தால் காணும் எண்டு சொன்னனீர். ரெண்டு நாளாத் தண்ணியோட நிண்டனீர். எனக்கு முன்னால கல்லில ஒரு படையே சட்டி காவிக்கொண்டு போகுது. எங்களிட்டை ஒரு சட்டி இல்லை. வாங்கிக்கொண்டு ஓடிவருவம் எண்டு போனனான். சட்டி உடனே வாங்கிப்போட்டன். அரிசிக் கடை தேடினதிலதான் நேரம் போயிட்டுது."

வெளியே ட்ரக்குக்குள் இறுகிக் கிடந்த சிநேகிதன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் உதை இவ்வளவு காலமும் சொல்லேல்லை எண்டு..." அக்கா எனக்குச் சொல்லத் தொடங்கினாள், முடிக்கவில்லை. விமான நிலையம் அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். சட்டி என்ற சொல்லோடு அவரை நிறுத்தியது அவள்தானே.

சட்டியை வாங்கினாள். கழுவினாள். பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம், பொலிஸ்காரனும் எட்டிப் பார்த்தான். பால் விளிம்புவரை வந்து, ஒரு கணம் நின்று, நாலு பக்கமும் பொங்கி வழிந்தது. மணி பத்தரையாகவில்லை.

அக்கா அடுப்பைத் தணித்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். முதலில் பொலிஸ்காரனைப் பார்த்து, "சாப்பிட்டியளோ?" என்றாள். அவன் விளங்காமல் தலையாட்டினான்.

பிறகு அத்தானின் தோளில் இருந்த தடியை எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்தாள். துணிப்பையை அவிழ்த்து அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். நான் நடுவில் நின்றேன், மொழிபெயர்க்கத் தயாராக. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"நீங்கள் சாப்பிட்டியளோ?" என்றாள்.

"இன்னும் இல்லை" என்றார் அத்தான்.